டைனமோவில் வந்த செய்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 நடுப்பகுதி தொடக்கம் 1995 முடியும்வரை செய்தி கேட்பது உடம்பு நோகச் செய்கிற வேலையாக இருந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அரசு தடுத்த பொருட்களில் எரிபொருள், சீமெந்து, உரம் மட்டுமல்ல, ரோர்ச் லைற்றுக்குப் போடுகிற சாதாரணப் பற்றறியும் இருந்தது. வீட்டுக்கு வீடு றேடியோ இருந்த ஊரில் றேடியோக்கள் ஒவ்வொன்றாக ஊமையாகின.

நான் அப்போது சுன்னாகத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். என் மேசைக்கு வந்த பெட்டிகளோடு அவற்றின் சொந்தக்காரரின் பேச்சும் வந்தது. எந்த நிலையம் என்ன சொன்னது, அதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்ற பேச்சு. மக்கள் செய்தியை நம்புவதில்லை என்ற கவலை இப்போது எல்லா நாட்டிலும் கேட்கிறது. எங்கள் சனம் செய்திக்காகச் சாப்பாட்டு நேரத்தை மாற்றியது, கை சோரச் சக்கரம் சுற்றியது. ஆனாலும் எந்த வானொலியையும் முழுதாக நம்பவில்லை. கண்ணால் கண்டதோடு ஒத்துப் பார்த்து, இவருக்கு இவ்வளவு என்று அளந்து நம்பியது. அந்த அளவுகோல் எப்படி வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். அந்த இரவுகளில் பெரியவர்களாக இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டார்கள். ஒரு செய்தி அறிக்கைக்கு அது தாங்கும், பிறகு அதுவும் செத்துவிடும். அதன்பிறகுதான் சைக்கிள் டைனமோ வந்தது. முதலில் இதைச் செய்தது யார் என்று கேட்டால் ஒவ்வொரு ஊரும் தன் பெடியன் ஒருவனைக் காட்டும். எல்லா ஊருக்கும் ஒரே தேவை இருந்தது, எல்லா ஊரிலும் சைக்கிள் இருந்தது.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். முன்விளக்கு எரிப்பதற்கென்று செய்தது. நாலு பற்றறி போடுகிற றேடியோவுக்கும் 6 வோல்ற்தான் வேண்டும். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். அப்படியே கொடுத்தால் இரைச்சல்தான் வரும். நாலு டயோட்டை இணைத்து, பின்னால் ஒரு பெரிய கப்பாசிற்றர் போட்டால் அடங்கும். 1000 மைக்ரோபராட் போதும், 2200 கிடைத்தால் இன்னும் திறம். கடைகளில் எதுவும் இல்லை. மின்சாரம் இல்லாமல் சும்மா கிடந்த தொலைக்காட்சிப் பெட்டிகளையும் கசெற் றெக்கோடர்களையும் கழற்றித்தான் எடுத்தோம். ஈயம் பற்றவைக்கிற இரும்பைச் சிரட்டைக்கரி நெருப்பில் வைத்துச் சூடாக்கினோம். சூடு ஆறுமுன் இரண்டு மூன்று இடம் பற்றவைத்துவிட வேண்டும்.

பெரிய கரைச்சல் வேகம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றுவார்கள். மெதுவாகச் சுற்றினால் குரல் மங்கும். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறும், சின்ன றேடியோவின் ஐசி கருகிவிடும். அப்படிக் கருகிப் பல பெட்டிகள் என்னிடம் வந்தன. வோல்ற்றைக் கட்டுப்படுத்த ஒரு செனர் டயோட் போட்டுக் கொடுப்பேன், கிடைக்காத காலத்தில் சுற்றுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் மனிதர் மனிதர்தானே. செய்தியில் தங்கள் ஊர்ப் பெயர் வந்த உடனே சுற்றுகிறவரின் கை தன்பாட்டில் நின்றுவிடும். சரியாக அந்த இடத்தில் குரல் அறுந்துபோகும். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "சுத்தடா தம்பி, சுத்து!" என்று கத்துவார்கள்.

சுற்றுகிறவருக்குச் செய்தி சரியாகக் கேட்காது. ரயரில் டைனமோ உரசுகிற சத்தம் அவர் காதை அடைத்துவிடும். அறிக்கை முடிந்ததும் மற்றவர்கள் அவருக்குத் திருப்பிச் சொல்லவேண்டும். அப்போது அவர் கேட்கிற முதல் கேள்வி எல்லா முற்றத்திலும் ஒன்றுதான்: "ஆர் சொன்னதாம்? ஆமி சொன்னதாமோ, லண்டன்காரன் தானாச் சொன்னவனோ?" இராணுவப் பேச்சாளர் சொன்னதை பிபிசி எடுத்துச் சொல்வது வேறு, பிபிசி தன் செய்தியாளரை வைத்து விசாரித்துச் சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் பிரித்துப் பார்த்தார்கள். இதழியல் வகுப்பு எதுவும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எந்த நிலையத்தை எதற்கு நம்புவது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. பரீட்சைத் திகதி, அரச ஊழியரின் சம்பளம், ஓய்வூதியம், இவற்றுக்குக் கொழும்பு வானொலி. அதில் பொய் சொல்ல அவர்களுக்குத் தேவை இல்லை. புயலுக்கும் மழைக்கும் சென்னை. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் இழப்புகளுக்கு அவர்களுடைய வானொலியான புலிகளின் குரல், அதிலும் இறந்தவரின் பெயரும் ஊரும் வாசிக்கிற பகுதி. அந்தப் பெயர்களைப் பொய்யாக வாசிக்க முடியாது, அந்தந்தத் தாய்மார் ஊரில் இருந்தார்கள். வெற்றிக் கணக்குகளை மட்டும் அதே வானொலியில் கேட்டாலும் பாதியாக்கித்தான் எடுத்தார்கள். மரணச் செய்திக்கு உதயன் பத்திரிகை. மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் வானொலிக்குத் தனி மரியாதை இருந்தது. அதை நடத்தியது கத்தோலிக்கத் திருச்சபை, ஆனால் சைவ வீடுகளிலும் கேட்டார்கள். போர் பற்றிய செய்திக்கு இரவு ஒன்பதே காலுக்கு லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை. "அண்ணை, ஒன்பதே காலுக்கு முன்னம் திருத்தித் தாங்கோ" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். சினிமாப் பாட்டுக்காக அந்த அவசரத்தோடு ஒருவரும் வந்ததில்லை.

இந்தச் சந்தேகம் போரோடு பிறந்ததல்ல. யாழ்ப்பாணத்தின் முதல் பத்திரிகை உதயதாரகை 1841 ஜனவரியில் வந்தது. அமெரிக்க மிஷனரிமார் நடத்தியது, ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் ஆசிரியர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்த அதில் விஞ்ஞானமும் இருந்தது, ஊர்ச் செய்தியும் இருந்தது, சைவத்தை மறுக்கும் வாதமும் இருந்தது. படித்த சைவர்கள் வாங்கினார்கள். செய்தியை எடுத்துக்கொண்டு வாதத்தைத் தள்ளினார்கள். பிறகு கத்தோலிக்கருக்குச் சத்தியவேத பாதுகாவலன், சைவருக்கு 1889 இல் இந்து சாதனம். எந்தப் பத்திரிகை எந்த வீட்டுப் படலைக்குள் போகும் என்பதை மதம் தீர்மானித்தது. ஆனாலும் ஆசிரியர் யார், பணம் யாருடையது, எதற்காக நடத்துகிறார்கள் என்பது வாசகருக்கு வெளிச்சமாகத் தெரிந்திருந்தது. அது ஒரு வசதிதான் என்று நினைக்கிறேன். நா. பொன்னையா 1930 இல் ஈழகேசரியைத் தொடங்கியபோது அது எங்கள் சுன்னாகத்துப் பத்திரிகையாகவே இருந்தது. அதே வருடம் கொழும்பில் வீரகேசரி வந்தது, இரண்டு வருடம் கழித்துத் தினகரன். தினகரனை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனத்தை 1973 இல் அரசு எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அதில் வந்த அரசியல் செய்தியை யாழ்ப்பாணத்தில் அரசின் பேச்சாகத்தான் படித்தார்கள்.

இலங்கை வானொலியின் கதை இதைவிடத் துக்கமானது. மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசிய அந்த வானொலியை எங்களைவிடத் தமிழ்நாட்டுக்காரர் கூடுதலாக நேசித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அறிவிப்பாளர்களை வீட்டு மனிதர்போல நினைத்த சனம், செய்தி அறிக்கை தொடங்கியதும் முகத்தை வேறு மாதிரி வைத்துக்கொள்ளும் காலம் ஒன்று வந்தது. அந்தக் காலத்துக்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னால் 1983 ஜூலையின் கடைசி வாரத்தைத்தான் குறிப்பேன். 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாளிலிருந்து கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன 28ஆம் திகதிதான் நாட்டுக்கு உரையாற்றினார். அந்த உரையில் கொல்லப்பட்ட தமிழருக்காக ஒரு அனுதாப வார்த்தை இருக்கவில்லை. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். வானொலி சொன்னதையும் அவர்கள் சொன்னதையும் ஒரே வீட்டில் ஒரே நாளில் கேட்டோம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னரே, 1981 மே 31 இரவிலும் அதை அடுத்த இரவிலும், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 புத்தகங்கள். அதே எரிப்பில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் போனது. நூலகத்தைப் பற்றி உலகம் பேசுகிறது, பேசவேண்டும். ஈழநாடு எரிந்ததை நாங்கள் போதிய அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. 1959 இல் தொடங்கி யாழ்ப்பாணத்திலிருந்தே நாளிதழாக வளர்ந்த பத்திரிகை அது. கொழும்புப் பத்திரிகை மறுநாள் றெயிலில் வருவதற்குக் காத்திருந்த ஊருக்கு, தன் செய்தியைத் தானே அச்சடிக்க முடியும் என்று காட்டியது.

இந்தியா பற்றி எங்களுக்கிருந்த நம்பிக்கை 1987 இல் உடைந்தது. அந்த வருடம் ஒக்டோபர் 10 அன்று இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்தது. 21ஆம் திகதி தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியருமாக அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இந்தியத் தரப்பு அதை இரு பக்கச் சண்டையில் அகப்பட்ட சாவுகளாகச் சொன்னது. சீருடையோடு செத்த தாதிமாரின் ஊர்களில் அந்த விளக்கம் எடுபடவில்லை. அதன்பிறகு ஆகாசவாணியில் காலை ஏழே காலுக்கு வரும் செய்தியைக் கேட்டவர்கள் டெல்லி அரசியலுக்காகக் கேட்டார்கள், எங்களைப் பற்றிய பகுதி வரும்போது எழும்பிப் போனார்கள்.

லண்டன் வானொலிக்கு இந்த இடம் தானாகக் கிடைத்ததல்ல. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று, உலகப் போரின் நடுவில், பிரித்தானிய அரசின் தேவைக்காகத் தொடங்கியது. தமிழோசை என்ற பெயரை அதற்கு வைத்தவர் 1940களின் இறுதியில் அங்கே போன எங்கள் சோ. சிவபாதசுந்தரம், ஒலிபரப்புக் கலை என்ற நூலை எழுதியவர். ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரலையும் சங்கரின் குரலையும் முகம் தெரியாமலே அடையாளம் கண்டோம். இருந்தும், பெயரோ குரலோ நம்பிக்கையைத் தந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சம்பவத்தில் இராணுவம் ஒரு எண்ணையும் புலிகள் இன்னொரு எண்ணையும் சொன்னால், இரண்டையும் சொன்னவர் பெயரோடு வாசித்துவிட்டு, இதைச் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஒத்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு நிலையம், தெரியும் என்று சொல்வதை மற்றவற்றைவிடக் கூடுதலாக நம்பலாம் என்று சனம் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் பக்கத்துக்கு மூன்று வரிசை போட்டு வைத்திருப்பார். கொழும்பு, லண்டன், மூன்றாவது "கண்டது". சண்டை நடந்த, குண்டு விழுந்த ஊர்களிலிருந்து யாராவது சந்தைக்கு வந்தால் மறித்துக் கேட்பார். எத்தனை வீடு, எத்தனை பேர், பெயர் என்ன, நீர் கண்டதோ கேட்டதோ. கேட்டது என்றால் எழுதமாட்டார். என் கடையில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கொப்பியைப் பல தடவை புரட்டியிருக்கிறேன். சில பக்கங்களில் மூன்று வரிசையும் ஒன்றோடொன்று சேரும், சில பக்கங்களில் மூன்றும் மூன்று நாடாக இருக்கும். லண்டனும் பிழை விட்டது, அதையும் குறித்திருந்தார். ஆனால் லண்டன் பிழைவிட்டால் இரண்டொரு நாளில் திருத்தும். அந்தத் திருத்தத்தை அவர் பச்சை மையால் எழுதுவார். கொழும்பு வரிசையில் பச்சை மை நான் காணவில்லை.

1995 ஜூலை 9 அன்று நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்திலும் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மீது விமானம் குண்டு போட்டது. நவாலி எங்களுக்கு அதிக தூரம் இல்லை. சத்தம் கேட்டது, புகை தெரிந்தது, பின்னேரம் உடல்களையும் காயக்காரரையும் கண்டவர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். அதனால் அன்றிரவு றேடியோவைச் சூழ்ந்து நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருந்தது. வானொலி எதைச் சொல்லும் என்பதைப் பார்க்கத்தான் நின்றார்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 65 பேர் இறந்தார்கள், 150 பேர் காயப்பட்டார்கள் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. வழமையாக வாய் திறக்காத அமைப்பு அது. கொழும்பு அரசு அதற்காகச் செஞ்சிலுவைமீது அதிருப்திப்பட்டது. இறந்தோர் தொகை பிறகு நூறைத் தாண்டியது. செப்ரெம்பரில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. ஒக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் இயக்கம் சொன்ன ஒரு அறிவித்தலோடு எங்கள் வலிகாமம் முழுவதும், ஐந்து இலட்சம் அளவில் சனம், ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நானும் நடந்தேன். மாஸ்டரின் கொப்பிகள் வீட்டோடு போய்விட்டன.

எங்கள் பக்கத்து மௌனத்தையும் சொல்லாமல் இதை எழுதினால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். என் கடைக்கு உதிரிப்பாகம் தந்த மனிதர்கள் அதில் போனார்கள். குடாநாட்டில் வந்த எந்தப் பத்திரிகையும் அதை எழுதவேண்டிய மாதிரி எழுதும் நிலையில் இருக்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னர், 1989 செப்ரெம்பர் 21 அன்று, எல்லா ஆயுதக்காரரையும் பற்றி முறிந்த பனை நூலில் எழுதிய மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம சுடப்பட்டு இறந்தார். அதன்பிறகு எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் இருந்தார்கள். மாஸ்டரின் மூன்று வரிசையில் புலிகளின் குரலுக்கு ஒரு வரிசை இல்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அப்படி ஒரு வரிசையை எழுதி வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. ஒரு ஊர் கொழும்பின் பொய்யை எவ்வளவு கூர்மையாகப் பிடித்தாலும், தன் வீட்டுக்குள் பேசமுடியாததைப் பேசாமல் விட்டால், அந்த ஊரின் செய்தி அறிவு பாதிதான்.

1996 இல் நாங்கள் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் திரும்பி வந்தோம். பற்றறி வந்தது, சக்கரம் நின்றது. அந்த வருடம் கொழும்பு கடிகாரத்தை முன்னே தள்ளியது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே இருந்தது. அதனால் தமிழோசை யாழ்ப்பாணத்தில் ஒரு நேரத்துக்கும் வன்னியில் இன்னொரு நேரத்துக்கும் வந்தது, ஒலிபரப்பு ஒன்றேதான் என்றாலும். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்ட மாற்றம் வேறு. இப்போது அந்த ஒலிபரப்பில் யாழ்ப்பாணத்திலிருந்தே ஒருவர் பேசினார். மயில்வாகனம் நிமலராஜன். பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் ராவய என்ற சிங்கள வார இதழுக்கும் எழுதியவர். தென்னிலங்கையில் எழுதமுடியாததை இங்கிருந்து எழுதினார், இங்கே பேசமுடியாததைச் சிங்கள வாசகருக்கும் சொன்னார். அவரைத் தெருவில் காணலாம், மறித்துக் கேட்கலாம். நீர் சொன்னது பிழை என்றும் சொல்லலாம். லண்டன்காரன் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு உடம்பும் முகவரியும் கிடைத்தது அப்போதுதான்.

2000 ஒக்டோபர் 10 நாடாளுமன்றத் தேர்தல். அதில் நடந்த மிரட்டலையும் வாக்கு மோசடியையும் நிமலராஜன் செய்தியாக்கினார். 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், உயர் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்த அவருடைய வீட்டில், மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு வெளியே நின்று சுட்டார்கள். கைக்குண்டும் எறிந்தார்கள். அவருடைய பெற்றோரும் வீட்டிலிருந்த சிறுவன் ஒருவனும் காயப்பட்டார்கள். காவலரண்களுக்கு நடுவில் ஊரடங்கில் நடமாடக்கூடியவர்கள் யார் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை, கேட்கத் தேவை இருக்கவில்லை. அவர் செத்த செய்தியையும் தமிழோசையில்தான் கேட்டார்கள்.

அதன்பிறகு செய்தி கேட்கிற விதத்தில் ஒரு பயபக்தி வந்தது. குரலுக்குப் பின்னால் ஒரு வீடும் ஒரு தாயும் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உதயனுக்கும் அதே கதிதான். 1985 இல் தொடங்கி, கடதாசித் தடைக் காலத்தில் பள்ளிக்கூடக் கொப்பிக் கடதாசியில்கூட அச்சடித்து வந்த பத்திரிகை. 2006 மே 2 அன்று ஆயுதக்காரர் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதற்கான மாநாட்டை அந்த வருடம் யுனெஸ்கோ கொழும்பில் வைத்திருந்தது. பத்திரிகை நிற்கவில்லை. அதே வருடம் ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு, கடதாசி வராமல் பக்கங்களைக் குறைத்தார்கள், ஆனாலும் வந்தது. ஆசிரியர் கானமயில்நாதன் உயிருக்கு அஞ்சி அலுவலகத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் தங்கி வேலை செய்தார். எட்டுப் பக்கம் நாலு பக்கமாகக் குறைந்த நாளில் என் கடைக்கு முன்னால் அந்த நாலு பக்கத்துக்கு வரிசை நின்றது.

2009 இன் முதல் ஐந்து மாதம் எல்லா அளவுகோலும் தோற்றன. வன்னியில் நடந்ததைப் பார்க்கச் சுயாதீனச் செய்தியாளர் ஒருவரையும் அரசு விடவில்லை. பெப்ரவரியில் பிபிசி, தன் ஒலிபரப்பை வேண்டுமென்று இடைமறிக்கிறார்கள் என்று சொல்லி, இலங்கை அரச வானொலி வழியாகப் பண்பலையில் வந்த செய்திகளை நிறுத்திக்கொண்டது. நாங்கள் மறுபடி சிற்றலைக்குப் போனோம். என் கடைக்குப் பழைய பெட்டிகள் திரும்பி வந்தன. சிற்றலையில் நாங்கள் கேட்டதெல்லாம் அதே பழைய வாசகம்தான், சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை என்பது. முன்னர் அதைக் கேட்டால் ஒரு நேர்மை தெரியும். இப்போது பிள்ளைகள் அங்கே அகப்பட்டிருந்த தாய்மாருக்கு அந்த வாசகம் கதவைச் சாத்துவதுபோல இருந்தது. பிழை லண்டனில் இல்லை. உறுதிப்படுத்தக்கூடியவர் எவரும் உள்ளே இல்லாமல் செய்யப்பட்டிருந்தது.

உள்ளே இருந்து பேசியவர்கள் அரச வைத்தியர்கள். தற்காலிக ஆஸ்பத்திரிகளிலிருந்து தொலைபேசியில் இறந்தோர், காயப்பட்டோர் தொகையை வெளிநாட்டு ஊடகங்களுக்குச் சொன்னார்கள். மே மாதம் அவர்களைத் தடுத்துவைத்தார்கள். ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன் கொண்டுவந்து இருத்தினார்கள். நாங்கள் சொன்ன தொகைகள் மிகை, புலிகளின் அழுத்தத்தில் சொன்னோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கடையில் நின்ற ஒருவரும் வைத்தியர்மீது கோபப்படவில்லை. அவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பின்னர் வெளிநாடு போன ஒருவர் அந்த மறுப்பு கட்டாயத்தில் சொன்னது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல், கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று எழுதியது. அரசு அதை மறுத்தது. ஒவ்வொரு பெயரும் எண்ணப்படாததால் இன்றும் எண்ணை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். மாஸ்டர் இருந்திருந்தால் மூன்றாவது வரிசையைப் பெயர் பெயராக நிரப்பியிருப்பார்.

தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இப்போது செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. காசும் இல்லை, களைப்பும் இல்லை. அது நல்லது, சக்கரம் சுற்றிய காலத்துக்கு ஏங்குகிறவன் நான் அல்ல. ஆனால் வருகிற தகவலில் யார் சொன்னது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. பேரப்பிள்ளைகள் ஒன்றைக் காட்டினால் நான் கேட்கிற கேள்வி பழைய முற்றத்துக் கேள்விதான். அவர்கள் தேடிப் பார்த்துச் சொல்வார்கள், சில நேரம் சொல்லமுடியாமல் விட்டுவிடுவார்கள். சொன்னவரின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அவர் சம்பவ இடத்தில் நின்றாரா, பிழைவிட்டால் திருத்துவாரா, நாளைக்குச் சந்தையில் காணும்போது எங்களுக்குப் பதில் சொல்லக்கூடியவரா என்று கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் இன்றும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். செம்மணிப் புதைகுழியில் மண் தோண்டும்போது வெயிலில் நின்று எலும்புக்கூடுகளை எண்ணுகிறவர்கள், காணி பிடிக்கிற இடத்துக்குக் கமராவோடு போகிறவர்கள். அவர்களைப் புலனாய்வுக்காரர் விசாரணைக்குக் கூப்பிடுவதும் நடக்கிறது.

ஒவ்வொரு ஒக்டோபர் 19 அன்றும் அந்தச் செய்தியாளர்கள் யாழ்ப்பாணத்தில் நிமலராஜனை நினைவுகூருகிறார்கள். கொலை தொடர்பாகச் சந்தேகத்தில் பிடிபட்டவர்கள் இலங்கையில் விடுவிக்கப்பட்டுவிட்டார்கள். 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு நோர்த்தாம்ப்டன்ஷயரில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தது. இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. இந்த வழக்கு ஒரு நீதிமன்றத்தில் முழுதாக விசாரிக்கப்பட்டு, சுட்டவரின் பெயரும் சுடச் சொன்னவரின் பெயரும் தீர்ப்பில் எழுதப்பட வேண்டும். இன்று செய்தி சேகரிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய கடன் அது.